துக்க வீட்டில் காலுறை

புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கும் தம்பிகளுக்கும் தங்கைகளுக்கும் அனுபவத்திலிருந்து ஏதாவது எழுதிக் கொடுங்கள் என்று நம் முதலாளி கேட்டார். பெட்டியை எப்படி இறக்குவது, மின்சுடலையில் நேரம் பிடிப்பது, மழைக்குத் தாங்குகிற மாதிரி கூடாரம் கட்டுவது, இதெல்லாம் வேலையோடு வேலையாக நீங்களே பழகிக்கொள்வீர்கள். அவற்றை நான் தொடப் போவதில்லை. காலுறையைப் பற்றி எழுதப் போகிறேன். சிரிப்பவர்கள் இப்போதே சிரித்து முடித்துவிடுங்கள். துக்க வீட்டில் சிரிக்க முடியாது.

நான் இந்த ஈமச்சடங்குத் தொழிலுக்கு வந்த காலத்தில் கிள்ளானில் நாங்கள் எல்லாரும் செருப்புதான் போட்டோம். யார் காலும் நாறவில்லை. பிறகு முதலாளிக்கு ஆசை வந்தது. கோலாலம்பூரில் பெரிய பெரிய நிறுவனத்து ஆட்கள் கோட்டும் டையுமாக வந்து இறங்குகிறார்கள், நாம் மட்டும் ஏன் கூடாரம் கட்ட வந்தவர்கள் மாதிரி நிற்க வேண்டும் என்றார். நாம் கூடாரம் கட்டத்தான் வந்திருக்கிறோம் என்று நான் சொல்லிப் பார்த்தேன். எடுபடவில்லை. வெள்ளைச் சட்டை, கறுப்புக் கால்சட்டை, கறுப்பு டை, முகம் தெரிகிற மாதிரி மினுக்கிய கறுப்புச் சப்பாத்து என்று சட்டம் வந்துவிட்டது.

ஒன்றை மட்டும் அவர் யோசிக்கவில்லை. நம் ஆட்கள் வீட்டுக்குள் சப்பாத்தோடு நுழைய முடியுமா? எவ்வளவு பெரிய துக்கமாக இருந்தாலும் வாசலில் கழற்றித்தான் ஆக வேண்டும். ஆக, அந்தச் சப்பாத்தின் மினுமினுப்பு வேனிலிருந்து வாசல் வரைக்கும்தான். அதற்குள் அது செய்து வைத்த வேலையை நாம் காலோடு உள்ளே கொண்டுபோகிறோம். கண்ணுக்கு மரியாதை வெளியே, மூக்குக்கு மரியாதை உள்ளே. முதலாளி கண்ணை மட்டும் கவனித்தார்.

அந்த முதல் வருடம் நாங்கள் பட்ட பாட்டைச் சொல்லி மாளாது. ஒருவர் எங்கேயோ கேள்விப்பட்டு, நாற்றம் போவதற்குக் காப்பித்தூளைச் சிறு பொட்டலமாகக் கட்டிச் சப்பாத்துக்குள் வைத்துக்கொண்டார். வெயிலுக்கும் வேர்வைக்கும் பொட்டலம் பிரிந்துவிட்டது. ஜெஞ்சாரோமில் ஒரு வீட்டில் தேவாரம் நடந்துகொண்டிருக்கும்போது, முன்வரிசையில் இருந்த பெரியவர் மூக்கை உறிஞ்சிவிட்டு, "எனக்குச் சீனி வேணாம்மா" என்று சமையலறைப் பக்கம் பார்த்துக் குரல் கொடுத்தார். நம் ஆள் நின்ற இடத்தில் பாயெல்லாம் கறுப்புக் கறுப்பாகத் தடம். அவர் அன்றோடு அதை விட்டார்.

இதெல்லாம் விளையாட்டு. விளையாட்டாக இல்லாத ஒன்றைச் சொல்கிறேன்.

நான் ஓய்வு பெறுவதற்குச் சில வருடங்களுக்கு முன்னால், கிள்ளானில் ஒரு வரிசை வீட்டில் ஒரு பெரியவர் தவறிவிட்டார். துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மகன் இல்லை, இரண்டு மகள்கள். மூத்தவளும் அவள் கணவரும் இங்கேயே இருந்தார்கள். சின்னவள் லண்டனில். பெரியவரின் மனைவி எங்களிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான். "சின்னவ வந்து அப்பா மொகத்தப் பாக்கணும். அது வரைக்கும் பெட்டிய மூடாதீங்க." அதற்குப் பிறகு அந்த அம்மா பேசவும் இல்லை, அழவும் இல்லை. பெட்டியின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் உட்கார்ந்தவர்தான். அக்கம்பக்கத்துப் பெண்கள், அழுதுவிடட்டும் என்று என்னென்னவோ சொல்லிப் பார்த்தார்கள். சொன்னவர்கள்தான் அழுதார்கள்.

சின்னவளின் விமானம் மறுநாள் நண்பகலில் இறங்குகிறது. மின்சுடலையில் நான்கு மணிக்கு நேரம் வாங்கியிருந்தோம். கெடாமல் இருக்க உடலுக்கு மருந்தேற்றியாகிவிட்டது. எல்லாம் சரியாகப் போய்க்கொண்டிருந்தது.

மறுநாள் காலை கொஞ்சம் வெயில் ஏறியதும், பெரிய மாப்பிள்ளை என்னைக் கூடாரத்து மூலைக்கு அழைத்தார். கோலாலம்பூரில் ஒரு கம்பெனியில் மேலாளர். அந்த வீட்டில் எல்லாவற்றையும் தலையில் போட்டுக்கொண்டு ஓடியவர் அவர்தான்.

"பாஸ், மாமாகிட்டருந்து ஸ்மெல் வருது. நீங்க மருந்து ஒழுங்கா போட்டீங்களா இல்லியா?"

நம் தொழிலில் இதைவிடப் பெரிய பழி கிடையாது. அவரோடு உள்ளே போனேன். வாடை அடித்தது, உண்மைதான். மறைக்கவில்லை, நன்றாகவே அடித்தது. குனிந்து பெரியவரின் தலைமாட்டில் முகர்ந்து பார்த்தேன். ரோஜா மாலையும் சந்தனமும்தான். மார்புப் பக்கமும் ஒன்றுமில்லை. நிமிர்ந்தால் மறுபடியும் அடிக்கிறது.

வெளியே வந்து, மருந்தேற்றிய நம் அக்காவுக்குப் போன் போட்டேன். அவர் அப்போது பிரிக்ஃபீல்ட்ஸில் வேறொரு வீட்டில் இருந்தார். நான் பயந்து பயந்து விஷயத்தைச் சொன்னேன்.

"அண்ணே, நான் போட்ட மருந்துக்கு அந்த ஐயா அடுத்த தீபாவளி வரைக்கும் அப்படியே இருப்பாரு. வேற எங்கயாச்சும் போயி மோந்து பாருங்க லா." வைத்துவிட்டார். அவருக்குத் தன் வேலையைக் குறை சொன்னால் பிடிக்காது.

மறுபடியும் உள்ளே போனேன். வாடை இல்லை! ஊதுவத்தி மட்டும்தான். சுவரோரமாக நின்று பார்த்தேன். பெண்கள் தேவாரம் பாடிக்கொண்டிருந்தார்கள். சுத்தமான காற்று. நான் நிம்மதியாக மூச்சு விடுவதற்குள் பெரிய மாப்பிள்ளை உள்ளே வந்து பெட்டிக்குப் பக்கத்தில் நின்றார்.

"பாத்தீங்களா? இப்ப இன்னும் மோசமா இருக்கு!"

ஆமாம், மோசமாகத்தான் இருந்தது. யாரோ வந்திருக்கிறார்கள் என்று அவரை வெளியே கூப்பிட்டார்கள். போனார். வாடையும் போனது. திரும்பி வந்தார். வாடையும் வந்தது. மாமனார் நாறுகிறாரா என்று பார்க்க அவர் எத்தனை முறை உள்ளே வந்தாரோ, அத்தனை முறையும் மாமனார் நாறினார்.

நான் மெதுவாக அவர் காலைப் பார்த்தேன். மெல்லிசான கறுப்பு நைலான் காலுறை. ஒரு கட்டைவிரல் ஓட்டை போட்டுக்கொண்டு எட்டிப் பார்த்தது. முதல் நாள் காலையில் அலுவலகக் கூட்டத்தில் இருந்தவருக்குச் செய்தி வந்திருக்கிறது. அப்படியே ஓடி வந்தவர், மரணத்தைப் பதியப் போலீஸ் நிலையம், பூக்கடை, ஐயர் வீடு, மின்சுடலை என்று அலைந்ததில் குளிக்கவும் இல்லை, சாப்பிடவும் இல்லை, காலுறையை மாற்றவும் இல்லை. பாவம், மனிதர் நாறியது மாமனாருக்காக ஓடியதில்தான்.

இருந்தாலும் சந்தேகத்தில் முடிவெடுக்கக் கூடாது. "சார், கொஞ்சம் பேசணும்" என்று அவரைச் சமையலறைக்கு அழைத்துப் போனேன். நாங்கள் போய் நின்றதும், காப்பி ஊற்றிக்கொண்டிருந்த அம்மாள் திரும்பி, "எழவு வீட்டுல யாருடி பெலாச்சான் டப்பாவத் தொறந்து வச்சது?" என்று கத்தினார். இறால் விழுது நாற்றத்துக்கு மேல் எனக்குச் சாட்சி தேவைப்படவில்லை.

"சார், நேத்துலருந்து சப்பாத்து போட்டே அலையறீங்க. கால் கழுவிட்டு வேட்டிக்கு மாறிக்கிட்டா ஒங்களுக்கும் கொஞ்சம் நல்லா இருக்கும்" என்றேன். இதைவிடப் பக்குவமாக எனக்குச் சொல்லத் தெரியாது.

"என்ன பாஸ் நீங்க? மாமா அங்க நாறிக் கெடக்காரு, இப்ப என் காலா முக்கியம்?"

சொல்லிவிட்டு அவர் போனை எடுத்துக் காட்டினார். "மின்சுடலையில கேட்டுட்டேன். ஒரு மணிக்கு ஒரு நேரம் காலியா இருக்காம். பன்னெண்டரைக்குப் பெட்டிய மூடிடலாம்."

"அப்ப சின்னவங்க?"

"வீடியோ கால்ல பாத்துக்கட்டும். வேற என்ன செய்ய? இத்தன பேரு முன்னால மாமா நாறுறாருன்னு பேரு வாங்கணுமா? நான் தாஹான் பண்ண மாட்டேன், தாங்க மாட்டேன் பாஸ். எங்கப்பா மாதிரி அவரு. அவரு மானம் போகக் கூடாது." அவர் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

இந்த இடத்தில்தான், தம்பி தங்கைகளே, நீங்கள் கொஞ்சம் நிறுத்தி யோசிக்க வேண்டும். கெட்ட எண்ணத்தோடு அவசரப்படுகிறவரைச் சமாளிப்பது சுலபம். இந்த மனிதரோ அன்பினால் அவசரப்பட்டார். அவரைத் தனியாக இழுத்து, உங்கள் கால்தான் ஐயா என்று சொல்லியிருக்கலாம். வேறு நாளாக இருந்தால் அப்படித்தான் சொல்லியிருப்பேன். ஆனால் அதற்குள் அவர் கூடாரம் முழுக்க, சொந்தக்காரர்கள் அத்தனை பேரிடமும், மாமா உடம்பு கெட்டுவிட்டது, சீக்கிரம் எடுக்க வேண்டும் என்று சொல்லி முடித்திருந்தார். இறந்த மனிதரின் பேரில் தன் கால் நாற்றத்தைப் போட்டுவிட்டோம் என்று தெரிந்தால், அந்தக் குடும்பத்தில் அவர் இனி எப்படித் தலை நிமிர்வார்?

கூடத்துக்கு வந்தோம். எங்கள் பேச்சு பெட்டியருகே இருந்த அந்த அம்மாவின் காதில் விழுந்திருக்க வேண்டும். அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். பெட்டி ஓரத்தைப் பிடித்திருந்த விரல்கள் வெளுத்துப் போயிருந்தன. நேற்று அவர் கேட்டதற்கு நான் தலையாட்டியிருந்தேன். எனக்குத் தாங்கவில்லை.

தேவாரம் ஒரு பாட்டு முடியும் வரைக்கும் பொறுத்தேன். பிறகு கூடத்தின் நடுவில் நின்று கைகூப்பினேன்.

"எல்லாரும் மன்னிக்கணும். இந்த வாடை ஐயாகிட்டருந்து வரல. என் காலு."

ஓர் அங்கிள் மட்டும் மெதுவாக, "கால்ல என்ன?" என்றார்.

"ஒரு மாதிரி வியாதி அங்கிள். சப்பாத்து போட்டா இப்படி ஆயிடும்."

அத்தோடு நிறுத்தியிருந்தால் நான் வெளியே போனதும் வாடை உள்ளேயே இருந்து என்னைக் காட்டிக் கொடுத்திருக்கும். அதனால் இன்னொன்றும் சொன்னேன். "காலையிலருந்து இந்தப் பாய் பூரா நடந்துட்டேன். ஸ்டோக்கிங்கோட இதுல நடந்தவங்க எல்லாம் அதக் கழட்டிப் போட்டுட்டு, பின்னால போயி சோப்புப் போட்டு நல்லாக் கழுவிடுங்க. ஒட்டிக்கும்."

ஒட்டிக்கும் என்ற சொல்லுக்கு இவ்வளவு சக்தி உண்டு என்று எனக்கு அன்றுதான் தெரியும். துக்கத்துக்கு வந்தவர்கள் பின்கட்டுக் குழாயில் வரிசை பிடித்து நின்றார்கள். காலுறையே போடாதவர்களும் நின்றார்கள். வாசலில் வந்து இறங்கிய ஒரு குடும்பம், இது ஏதோ அந்த வீட்டுச் சடங்கு என்று நினைத்து, மாலையும் கையுமாக வரிசையில் சேர்ந்துகொண்டது. எல்லாருக்கும் முதலில் ஓடியது பெரிய மாப்பிள்ளைதான். தரை தேய்க்கிற பிரஷ்ஷை எடுத்து, தரைக்கு ஊற்றுகிற மருந்தையும் ஊற்றி, தோல் சிவக்கத் தேய்த்தார். அவர் கழற்றிப் போட்ட காலுறையை நான் ஒரு குச்சியால் தூக்கி, இரண்டு பைக்குள் போட்டு முடிச்சுப் போட்டேன். பாயைச் சுருட்டி வெளியே எறிந்தோம்.

கூடத்தில் சந்தனமும் ரோஜாவும் மட்டும் மிச்சம். பெரிய மாப்பிள்ளை வேட்டி கட்டிக்கொண்டு வந்து, மாமனார் பக்கத்தில் நின்று மூச்சை இழுத்தார். முகம் தெளிந்தது. அங்கேயே போனை எடுத்து ஒரு மணிக்குக் கேட்டிருந்த நேரத்தை ரத்து செய்தார். பிறகு என்னைக் கூடாரத்துக்கு வெளியே அழைத்துப் போய்ப் பிடிபிடியென்று பிடித்தார்.

"ஒங்க தொழிலுக்கு இது நல்லாவா இருக்கு பாஸ்? நைலான் போடாதீங்க. பாசார் மாலாம் ராத்திரிச் சந்தையில கட்டுக் கட்டா தொங்குதுன்னு அள்ளிட்டு வரக் கூடாது. பருத்தியில வாங்குங்க. சப்பாத்து ரெண்டு ஜோடி வச்சிக்கிட்டு மாத்தி மாத்திப் போடுங்க. கழட்டுனதும் உள்ள பேப்பரக் கசக்கி அடைச்சி காத்தாட வைங்க. காலக் கழுவுனா மட்டும் பத்தாது, வெரல் இடுக்கெல்லாம் தொடச்சிக் காய வைக்கணும். பையில ஒரு ஜோடி ஸ்டோக்கிங் எப்பவும் இருக்கணும், மத்தியானம் மாத்திடணும். வாசனத் தண்ணி அடிக்காதீங்க, ரெண்டும் சேந்து இன்னும் கேவலமா இருக்கும்."

நான் கைகட்டி நின்று கேட்டேன். அவர் சொன்னதில் ஒரு தவறும் இல்லை. இன்றைக்கும் இதைவிட நல்ல யோசனை எனக்குத் தெரியாது. அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள். இவ்வளவு தெரிந்தவர் ஒரு நாள் தன் காலை மறந்துபோனார் என்றால், எவ்வளவு ஓடியிருப்பார் என்று பாருங்கள்.

பழி என்னவோ என்னோடு தங்கிவிட்டது. முதலாளிக்குப் புகார் போனது. நம் ஆள் நல்லவர், வேலை சுத்தம், கால்தான் சரியில்லை என்று கிள்ளான் முழுக்கப் பேச்சு. பத்துமலையில் யாரோ ஓர் ஆன்டி என் மனைவியிடம் வந்து, "ஒங்க வீட்டுக்காரருக்கு இப்ப கால் எப்படி இருக்கு?" என்று விசாரித்தார். அவள் எனக்கு நீரிழிவு என்று பயந்துபோய் வீட்டுக்கு வந்து அழுதாள். பெரிய மாப்பிள்ளை அலுவலகத்துக்கு ஒரு பொட்டலம் அனுப்பினார். உள்ளே பருத்திக் காலுறைகளும் ஒரு டப்பா பவுடரும். நல்ல காலுறைகள், நெடுநாள் உழைத்தன. அவரிடம் கடைசி வரை நான் எதுவும் சொல்லவில்லை. துக்க வீட்டில் யாராவது ஒருவருடைய மானம் போய்த்தான் ஆக வேண்டும் என்று வந்தால், சம்பளம் வாங்குகிறவனுடையது போகட்டும். அவன் வேறு சட்டை மாற்றிக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போய்விடுவான். குடும்பம் எங்கே போகும்?

அன்று மதியம் சின்னவள் வந்தாள். லண்டனில் குளிர்காலம். முழங்கால் வரைக்கும் தோல் பூட்ஸ். அதை மாட்டிக்கொண்டு இரண்டு விமானம் மாறி, ஓர் இரவும் ஒரு பகலும் உட்கார்ந்தே வந்திருக்கிறாள். வாசல்படியில் உட்கார்ந்து அதை இழுத்து இழுத்துக் கழற்றினாள். கழற்றி எறிந்துவிட்டு, "அப்பா" என்று உள்ளே ஓடி, அம்மாவின் பக்கத்தில் பெட்டியோரமாக உட்கார்ந்தாள்.

அவளுக்குப் பின்னாலேயே அது வந்தது. பெரிய மாப்பிள்ளையுடையது அதற்கு முன்னால் ஒன்றுமே இல்லை. பாடிக்கொண்டிருந்தவர்கள் பாதியில் நிறுத்திவிட்டார்கள். எல்லார் பார்வையும் நேராக என் மேல் பாய்ந்தது. நான் கூடாரத்தில், கழுவிய வெறுங்காலோடு, ஒரு பாவமும் அறியாமல் நின்றேன். பெரிய மாப்பிள்ளை என் காலைப் பார்த்தார், மைத்துனியின் காலைப் பார்த்தார், வாயைத் திறந்தார். நான் வேண்டாம் என்று தலையை ஆட்டினேன்.

அப்போது அந்த அம்மா நிமிர்ந்தார். ஒரு முறை மூச்சை இழுத்தார். இன்னொரு முறை இழுத்தார்.

"ஒங்கப்பா போர்ட்லருந்து வந்து பூட்ஸக் கழட்டுனா இப்படித்தான்டி இருக்கும்" என்றார். "தெனமும் கத்துவேன். வெளியவே கெடன்னு கதவச் சாத்துவேன். இளிச்சிக்கிட்டே நிப்பாரு. வேலைய விட்டதுக்கப்புறம் வீட்டுல இந்த வாசமே இல்ல."

சின்னவளுக்கு அப்போதுதான் விளங்கியது. வெட்கப்பட்டுக் காலை உள்ளே இழுத்துக்கொண்டாள். "அம்மா, கழுவிட்டு வந்துடுறேன்மா."

அந்த அம்மா பெட்டியை விட்டுக் கையை எடுத்து, மகளின் பாதத்தை இறுகப் பிடித்துக்கொண்டார். "கழுவாத. கொஞ்ச நேரம் இப்படியே இரு" என்றார். சொல்லிவிட்டு, முதல் நாளிலிருந்து அடைத்து வைத்திருந்ததையெல்லாம் சேர்த்து அழ ஆரம்பித்தார்.

நான் வெளியே வந்து மின்சுடலைக்குப் போன் செய்து, நான்கு மணிக்கு வர முடியாது, தாமதமாகும் என்றேன். இன்னும் யார் வர வேண்டும் என்று கேட்டார்கள். எல்லாரும் வந்துவிட்டார்கள், அந்த அம்மா இப்போதுதான் அழுகிறார், அழுது முடிக்கட்டும் என்றேன்.